கியர்பாக்ஸ் ஆயில்: வண்டி மை முதல் 'வாழ்நாள்' ஆயில் வரை

இந்த முறை கியர்பாக்ஸ் ஆயிலைப் பற்றி எழுதப் போகிறேன். பி.காம். படிக்கிறவனுக்கு கியர்பாக்ஸில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். 'தேய்மானம்' என்ற சொல்லை மூன்று வருடமாக லெட்ஜரில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நிஜத்தில் ஒரு பொருள் எப்படித் தேய்கிறது என்று ஒரு நாளாவது பார்க்க வேண்டாமா?

கார் வைத்திருக்கும் யாரிடமாவது என்ஜின் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். தேதி, கிலோமீட்டர், கடை பெயர் எல்லாம் வரும். கியர்பாக்ஸ் ஆயில் என்று கேளுங்கள், திருதிருவென்று முழிப்பார்கள். கடலூர் முதுநகர் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். "அத யாரு தம்பி மாத்துறா? ஒழுகினாத்தான் பாப்போம்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். இத்தனைக்கும் அந்தக் காலத்து கார்களின் கையேடுகளில் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றுவது சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை வரும் வழக்கமான வேலை. சொந்தக்காரரோ டிரைவரோ வீட்டிலேயே செய்த வேலை. அது எப்படி 'யாரு மாத்துறா' என்ற நிலைக்கு வந்தது என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

கதையைக் காரில் ஆரம்பித்தால் சரியாக வராது, மாட்டு வண்டியில் ஆரம்பிக்க வேண்டும். உருளுகிற எதற்கும் அச்சுதான் உயிர். புறநானூற்றில் ஔவையார் பாட்டு ஒன்றில், உப்பு வணிகர்கள் வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று வண்டியின் கீழே இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஸ்டெப்னி! அச்சு முறியாமலும் சூடேறாமலும் இருக்க எதையாவது தடவ வேண்டுமே. நம் ஊரில் அதற்குப் பெயர் வண்டி மை. வைக்கோலைக் கரித்து, அந்தக் கரியை விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்தால் மை தயார். மூங்கில் குழாயில் அடைத்து வண்டியில் தொங்கவிட்டிருப்பார்கள். பயணம் கிளம்பும் முன் சக்கரத்தை இழுத்து அச்சில் மை போடுவது வண்டிக்காரர் வேலை. இதற்கென்று தனியாக யாரையும் கூப்பிட்டதில்லை.

வைக்கோல் கரி எதற்கு? வெறும் எண்ணெய் வழிந்து போய்விடும், கரி சேர்ந்தால் அங்கேயே நிற்கும். இன்றைக்குக் கடையில் டப்பாவில் விற்கும் கிரீஸின் தத்துவமும் இதேதான். எண்ணெயைப் பிடித்துவைக்க ஒரு திடப்பொருள். அவர்கள் கரி போட்டார்கள், கம்பெனிக்காரர்கள் ஒருவித சோப்பு போடுகிறார்கள்.

விளக்கெண்ணெயை நாம் பேதிக்குக் கொடுக்கும் சமாச்சாரமாக மட்டும் பார்ப்பது அநியாயம். ஆமணக்கு விதையிலிருந்து வரும் இந்த எண்ணெய் நல்ல கெட்டி. உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டால் லேசில் விடாது. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் ரயில் வந்தபோது ரயில்வேக்கள் மசகுக்கும் விளக்குக்கும் விளக்கெண்ணெயைத்தான் நிறையப் பயன்படுத்தின. இங்கிலாந்தில் சார்லஸ் வேக்ஃபீல்ட் என்பவர் 1899-ல் எண்ணெய்க் கம்பெனி ஆரம்பித்தார். 1909-ல் பெட்ரோலிய எண்ணெயில் விளக்கெண்ணெயைக் கலந்து மோட்டார் வண்டிகளுக்கும் விமானங்களுக்கும் ஓர் ஆயில் கொண்டுவந்தார். ஆமணக்கு எண்ணெய்க்கு ஆங்கிலத்தில் 'காஸ்டர்' அல்லவா? அதிலிருந்துதான் 'காஸ்ட்ரால்' என்ற பெயர். நம்மூர் கடையில் தொங்கும் பச்சை சிவப்பு போர்டுக்கும் பாட்டி வைத்திருக்கும் விளக்கெண்ணெய் பாட்டிலுக்கும் இப்படி ஒரு சொந்தம் உண்டு என்று தெரிந்தபோது எனக்கு ஒரே சந்தோஷம்.

முதல் உலகப்போரில் விமான என்ஜின்களுக்கு விளக்கெண்ணெய் இல்லாமல் முடியவில்லை. பெட்ரோலோடு கலந்து கரைந்து போகாது என்பது அதன் பெரிய குணம். அமெரிக்கா போரில் இறங்கியபோது இந்தியாவிலிருந்து ஆமணக்கு விதையைத் தருவித்துத் தன் நாட்டிலேயே பயிர் செய்யப் பார்த்தது. ஆனால் ஒரு குறை, சூட்டில் நாளானால் விளக்கெண்ணெய் பிசின் போல ஆகிவிடும். அதனால் பெட்ரோலிய எண்ணெய் மெல்ல மெல்ல அதன் இடத்தைப் பிடித்தது. சென்னையில் ஏற்கெனவே பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் வந்துவிட்டிருந்தன. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு எம்டன் கப்பல் குண்டு போட்டுக் கொளுத்தியது அவற்றைத்தான்.

இனி கியர்பாக்ஸ். 1890-களில் பிரான்ஸில் பன்ஹார்ட் கம்பெனியின் லெவாசர், பல்சக்கரங்களை நகர்த்திக் கோக்கும் கியரைக் கொண்டுவந்தபோது அதற்கு மூடியே கிடையாது. திறந்த பல்சக்கரம், மேலே கிரீஸ், கீழே ரோட்டுப் புழுதி. புழுதியும் கிரீஸும் சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். பிறகு பெட்டி போட்டு மூடி, உள்ளே கெட்டி எண்ணெய் ஊற்றினார்கள். அந்த எண்ணெய்களில் இன்றைய ரசாயனங்கள் எதுவும் இல்லை. கொஞ்ச நாளில் கெட்டுப் போகும், தேய்ந்த இரும்புத் தூள் உள்ளேயே சுற்றும். அடிக்கடி மாற்றச் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

1926-ல் அமெரிக்காவின் பேக்கார்ட் கம்பெனி பின் அச்சில் 'ஹைபாய்ட்' என்ற புதுவிதப் பல்சக்கரத்தைப் போட்டது. நம் மெக்கானிக்குகள் சொல்லும் கிரவுன் பினியனில் பினியனைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்தார்கள். காரின் தரை தாழ்ந்தது, பின்சீட்டில் உட்கார வசதி. ஆனால் இந்த ஏற்பாட்டில் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று உருளுவதோடு பலமாக வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் பிதுங்கி ஓடிவிடும், இரும்பும் இரும்பும் நேராக உரசும். அதற்கு மருந்தாகக் கந்தகம், குளோரின், ஈய சோப்பு என்று எண்ணெயில் கலக்க ஆரம்பித்தார்கள். உரசும் இடத்தில் சூடேறியதும் கந்தகம் இரும்போடு சேர்ந்து மெல்லிய படலமாகும். பல்லுக்குப் பதில் அந்தப் படலம் தேயும். கியர் ஆயில் டப்பாவைத் திறந்தால் ஒரு நாற்றம் வருமே, அது இந்தக் கந்தகத்தின் வேலை. சட்டையில் பட்டால் இரண்டு துவைப்புக்குப் போகாது (அம்மாவிடம் கேட்டால் சொல்வார்).

நடுவில் ஒரு சோகக் கதையும் உண்டு. கந்தகத்தை எண்ணெயில் நிலையாகப் பிடித்துவைக்க மிகச் சிறந்தது எது என்று பார்த்தால், ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுக்கும் எண்ணெய். பல வருடங்கள் கியர் ஆயிலிலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலிலும் அது போனது. அவ்வளவு பெரிய ஜீவன், கடைசியில் பல்சக்கரத்துக்கு மசகு. 1970-ல் அமெரிக்கா ஸ்பெர்ம் திமிங்கிலத்தை அழியும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகு அந்த எண்ணெய் அங்கே இறக்குமதியாவது நின்றது. கம்பெனிகள் மாற்றுத் தேடி அலைந்தன. பாலைவனச் செடியான ஹோஹோபாவின் விதை எண்ணெயும் ஆய்வுக்கூடத்தில் செய்த ரசாயனங்களும் அந்த இடத்துக்கு வந்தன. சட்டம் கதவை மூடிய பிறகுதான் மாற்று வேகமாகக் கிடைத்தது. சந்தை தானாகச் சரிசெய்துகொள்ளும் என்று எங்கள் பொருளாதாரப் புத்தகம் சொல்வதை நான் இந்த இடத்தில் மட்டும் நம்பவில்லை.

இன்னொரு திருப்பம் 1928-ல் காடிலாக் கொண்டுவந்த சின்க்ரோமெஷ். கியர் மாற்றும்போது இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் சமப்படுத்த நடுவில் ஒரு வளையம். பெரும்பாலும் பித்தளை. இந்த வளையம் உரசிப் பிடித்தால்தான் கியர் சத்தமில்லாமல் விழும். பினியனுக்கு வழுக்க வேண்டும், வளையத்துக்குக் கொஞ்சம் பிடிக்க வேண்டும். மாமியார் மருமகள் மாதிரி! அதனால்தான் ஆயில் டப்பாவில் ஜி.எல்.-4, ஜி.எல்.-5 என்று எழுதியிருக்கும். ஜி.எல்.-5-ல் கந்தக மருந்து ஏறக்குறைய இரண்டு பங்கு. ஹைபாய்ட் பின் அச்சுக்கு அது வேண்டும். பித்தளை வளையம் உள்ள கியர்பாக்ஸுக்குப் பொதுவாக ஜி.எல்.-4 போதும். 'பெரிய நம்பர் என்றால் நல்ல ஆயில்' என்று நினைத்து ஜி.எல்.-5 ஊற்றினால் பித்தளைக்கு ஆகாமல் போகலாம். உங்கள் கார் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் வேதவாக்கு. இன்னொன்று, கியர் ஆயிலில் 90 என்று பார்த்து மிரள வேண்டாம். என்ஜின் ஆயில் கணக்கு வேறு, கியர் ஆயில் கணக்கு வேறு. கியர் ஆயில் 90-ம் என்ஜின் ஆயில் 40, 50-ம் கெட்டியில் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சுதந்திரத்துக்குப் பிறகு கார் என்றால் மூன்று பெயர்கள். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட் (பிறகு பிரீமியர் பத்மினி), நம் வண்டலூரில் ஸ்டாண்டர்ட். 1961-ல் வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டை இப்போதும் பழைய கார் கண்காட்சிகளில் பார்க்கலாம். கார் வேண்டும் என்று பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம். அப்படி வாங்கிய காரை இருபது வருடம் ஓட்டினார்கள். வீட்டிலேயே ஜாக்கி, ஸ்பானர், கிரீஸ் கன் இருந்தன. சிதம்பரத்தில் என் மாமா ஒருவர் அம்பாசிடர் டாக்சி ஓட்டியவர். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் கூட்டம் வரும் முன் கியர்பாக்ஸ், டிஃப்ரன்ஷியல் இரண்டையும் திறந்து ஆயில் பார்த்துவிடுவார். "சாமி தேருக்கே திருவிழாவுக்கு முந்தி சக்கரம் பாக்குறாங்க, நம்ம தேரு மட்டும் என்னடா" என்பார். அந்தக் காலத்தில் ஒர்க்‌ஷாப் கூலியை விட அவருக்குப் பெரிய பயம் ஓடாமல் நிற்கும் ஒரு நாள்.

ஆயில் எங்கே கிடைத்தது? பெரும்பாலும் பெட்ரோல் பங்க்கில். 1965-ல் அமெரிக்க, ஈரான் கம்பெனிகளோடு கூட்டாகத் தொடங்கப்பட்ட சென்னை சுத்திகரிப்பு நிறுவனத்தின் மணலி ஆலை 1969-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆயில்களுக்கு மூலமான அடிப்படை எண்ணெயும் அங்கே தயாரானது. 1972-ல் இந்தியன் ஆயில் 'சர்வோ' என்ற பெயரில் தன் ஆயில்களைக் கொண்டுவந்தது. 1974-ல் எஸ்ஸோவும் 1976-ல் பர்மா ஷெல்லும் அரசு கைக்குப் போயின. தட்டுப்பாடு இருந்தால் கலப்படமும் இருக்கும். பழைய ஆயிலைக் காய்ச்சி வடிகட்டிப் புதுசு மாதிரி விற்பதைத் தடுக்க 1987-ல் மசகு எண்ணெய்களுக்கென்று தனியாக ஒரு கட்டுப்பாட்டு ஆணையே மத்திய அரசு போட்டது.

1990-களின் தொடக்கத்தில் எல்லாம் மாறியது. 1993 வாக்கில் மசகு எண்ணெய் வியாபாரம் திறந்துவிடப்பட்டது. வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்தன. பங்க்கை விட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஒரு லிட்டர் டப்பாக்கள் வந்தன. கடலூரிலும் சிதம்பரத்திலும் எந்தக் கடையிலும் எந்த கிரேடும் வாங்கலாம் என்ற நிலை வந்ததே, வேடிக்கை என்னவென்றால் வீட்டில் ஆயில் மாற்றுகிற பழக்கம் தேய்ந்ததும் அப்போதுதான். 1983 டிசம்பர் 14-ல் முதல் கார் வெளிவந்த மாருதி 800 அதற்குள் வீதியெல்லாம் நிறைந்துவிட்டது. என்ஜினும் கியர்பாக்ஸும் முன்னாலேயே சேர்ந்திருக்கும் வண்டி. சத்தம் குறைவு, ஒழுகல் குறைவு. ஒழுகாவிட்டால் ஊற்ற வேண்டாம், ஊற்றாவிட்டால் ஞாபகமும் வராது! கூடவே ஆயிலும் நல்ல ஆயிலாகிவிட்டது. 5,000 மைல் போய் 40,000 கிலோமீட்டர் ஆனது. இப்போது சில கம்பெனிகள் 'வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்கின்றன. யாருடைய வாழ்நாள் என்று சொல்வதில்லை. வாரண்டியின் வாழ்நாள் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு சரியாக வருகிறது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், எங்கள் வீட்டில் இருப்பதும் ஒரு பழைய மாருதி 800. பாட்டியை மாதம் இரண்டு முறை புதுச்சேரி ஜிப்மருக்கு அழைத்துப் போக அப்பா ஒரு புரோக்கர் மூலம் வாங்கியது. "கியர்பாக்ஸ்ல சத்தமே வராது சார்" என்றார் புரோக்கர். வரவில்லைதான், நான்கு மாதம். காலையில் மட்டும் இரண்டாவது கியர் கல் மாதிரி இருக்கும். பிறகு மூன்றாவது கியரில் ஒரு முனகல். ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸையே மாற்றச் சொல்லி, கார் வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கு கேட்டார்கள். அதற்கு முன் மாமாவைக் கூப்பிட்டு ஆயிலைத் திறந்து பார்ப்போம் என்றோம்.

அவர் செய்த முறையைச் சொல்கிறேன், பலருக்கு உதவும். முதலில் காரை ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டினார், ஆயில் இளகுவதற்கு. பிறகு சமதரை. வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே படுக்கக் கூடாது, நான்கு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து காரை மட்டமாக நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அளவு தப்பும். அடுத்ததுதான் முக்கியம். கீழே வடிக்கும் நட்டைத் தொடுவதற்கு முன் மேலே ஊற்றும் நட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது துருப்பிடித்துக் கழலவில்லை என்றால்? உள்ளே இருந்த ஆயிலை வடித்துவிட்டுப் புதுசை எப்படி ஊற்றுவது? வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். எத்தனையோ பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான் என்றார்.

வடித்தபோது வந்தது தேன் பாகு மாதிரி கறுப்பாக, நூல் நூலாக. மாமா விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, "140 அடிச்சிருக்கான்டா, சத்தம் அமுங்கட்டும்னு" என்றார். விற்கும் முன் கெட்டி ஆயில் ஊற்றிச் சத்தத்தை மறைப்பது உலகமெங்கும் உள்ள பழைய தந்திரம். அந்தக் காலத்தில் மேல்நாட்டு வியாபாரிகள் மரத்தூளையே போட்டிருக்கிறார்கள். நட்டின் முனையில் ஒரு சிறு காந்தம் இருந்தது. அதில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி இரும்புத் தூள். பசையாக இருந்தால் பயமில்லை, அது சாதாரணத் தேய்மானம். சில்லு சில்லாகவோ பல்லின் துண்டாகவோ இருந்தால்தான் ஆபத்து. ஆயிலைத் தட்டில் விட்டு வெயிலில் பார்த்தோம். தங்கப்பொடி மாதிரி மின்னியது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது, ஆயிலிலேயே மிதக்கும். அது சின்க்ரோ வளையத்தின் தேய்மானம். யாரோ எங்கோ அவசர அவசரமாக கியர் போட்டு ஓட்டிய வருடங்களெல்லாம் அந்தத் தட்டில் இருந்தன.

வடிக்கும் நட்டுக்குப் புது வாஷர் போட்டு இறுக்கி, கையேட்டில் சொன்ன கிரேடை பானெட் வழியாக ஒரு டியூபும் புனலும் வைத்து ஊற்றினோம். இதற்கு அளவுக்கோல் கிடையாது. ஊற்றும் துளையின் விளிம்பு வரை வந்து வழிய ஆரம்பித்தால் போதும். ஓட்டிப் பார்த்தோம். காலையில் கியர் பழையபடி விழுந்தது. ஆனால் சத்தம்? கூடியது! சரியான ஆயில் எதையும் மறைக்காது அல்லவா. சத்தத்தின் இடம் தெளிவாகத் தெரிந்ததால் போயிருந்தது ஒரு பேரிங் என்று கண்டுபிடித்தார்கள். அதை மட்டும் மாற்றிய செலவு, முதலில் கேட்டதில் கால்வாசி கூட ஆகவில்லை. (பேரிங் மாற்றியது வருவாய்ச் செலவா, மூலதனச் செலவா என்று அப்பாவிடம் ஆரம்பித்தேன். போய்ப் படி என்றார்.)

மாற்றியாகிவிட்டது, பழைய ஆயிலை என்ன செய்வது? இதற்கும் ஒரு வரலாறு உண்டு, கொஞ்சம் அழுக்கான வரலாறு. கரையான் வராமல் இருக்க மரத்தில் பூசுவார்கள். கட்டிட வேலைக்காரர்கள் சென்ட்ரிங் பலகையில் தடவுவார்கள். மிச்சம் சாக்கடைக்குப் போகும். வண்டி மை மண்ணில் விழுந்தால் மக்கிவிடும். இது அப்படி இல்லை. 1980-களில் சிப்காட் வந்ததிலிருந்து உப்பனாற்றுத் தண்ணீரையும் காற்றையும் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கும் ஊர் கடலூர். ஆலைக்காரர்களைத் திட்டிவிட்டு நாம் வாசல் சாக்கடையில் இரண்டு லிட்டர் ஊற்றுவது எந்த ஊர் நியாயம்?

சட்டத்தில் கழிவு எண்ணெய் அபாயகரமான கழிவு. 1989 விதிகளில் தொடங்கிப் பலமுறை திருத்தினார்கள். 2023-ல் வந்த திருத்தத்தின்படி, ஆயில் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் பழைய ஆயில் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது 2024 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. காகிதத்தில் நன்றாக இருக்கிறது. வீட்டில் மாற்றுகிறவன் கொண்டுபோய்க் கொடுக்க அக்கம்பக்கத்தில் ஓர் இடம் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

எண்ணெய் என்றதும் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு ஞாபகம் வருவது இன்னொன்று. கடலூருக்குத் தெற்கே கடலோரமாக நாகார்ஜுனா கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலை கட்டினார்கள். ஜெர்மனியில் ஓடிய ஒரு பழைய ஆலையைப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே நிறுத்தும் திட்டம், எங்கள் மாருதி மாதிரி செகண்ட் ஹேண்ட். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையைக் கடந்தபோது வேலை முடியாத ஆலைக்குப் பலத்த சேதம். அதன் பிறகு அது எழவில்லை, திவால் நடவடிக்கைக்குப் போய்க் கை மாறியது. அங்கிருந்து ஒரு சொட்டு எண்ணெய் கூட வரவில்லை.

எங்கள் வீட்டில் வடித்த இரண்டு லிட்டர் சொச்சத்தை மாமா அதே காலி டப்பாக்களில் ஊற்றி, மூடியை இறுக்கி, மேலே 'பழசு' என்று பெயின்டில் எழுதினார். அவருக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப் ஒன்றில் பழைய ஆயிலைப் பீப்பாயில் சேர்த்துவைத்து, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரருக்குக் கொடுக்கிறார்களாம். அங்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். காலி டப்பாவை மட்டும் அவர் திருப்பி வாங்கி, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டுவிட்டுக் குப்பையில் போட்டார். ஏன் என்று கேட்டேன். "அப்படியே போட்டா எவனாவது எடுத்து இதுலயே கண்டத ஊத்தி வித்துடுவான்டா" என்றார்.